எதிரணி தலையாட்டும் வரை

செப்டம்பர் 14

அம்மாவுக்கு,

நான் நலம். வாண்டுவும் நலம். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு தன் நாலு வயசுக் கதைகளை ஆரம்பித்துவிடுகிறான். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் யாரும் யாரையும் குறுக்கிட முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட்டின் தங்கை உன் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாளாம். அவள் அனுப்பிய ஒரு போட்டோவை டைப்பிஸ்ட் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். மேடை, மைக், மைக்குக்குப் பின்னால் நீ. ஒரு கை இடுப்பில், இன்னொரு கையை நீட்டி யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கிறாய். "இது உங்க அம்மா மாதிரி இல்ல?" என்றாள். "ஜாடை அப்படி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

நீ மேடை ஏறுகிற ஆளா? என் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அப்பா பேசுவதற்கு நீ தலையசைப்பாய். டாக்டரிடம் உன் வயிற்று வலியைக்கூட அப்பாதான் சொன்னார். அப்பா போன பிறகு "எனக்குச் சரித்திரம் படிக்கணும்" என்று நீ சொன்னபோது நான் தடுக்கவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அத்தை சிரித்ததற்கு அத்தையிடம் சண்டை போட்டவளே நான்தான். ஒரு வருடம் போய்ப் பார், சரிப்படாவிட்டால் வந்துவிடு என்பது நமக்குள் பேச்சு. படிக்கத்தான் அனுப்பினேன். மேடை ஏற அனுப்பவில்லை.

அது ஏதோ மாணவர் சங்கம் என்று டைப்பிஸ்ட் சொன்னாள். யார் நடத்துகிறார்கள்? பின்னால் யார் இருக்கிறார்கள்? பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியை எதற்குச் சேர்க்கிறார்கள்? இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரிக்கிறவள் நான். எரியாத கடை எரிந்தது என்று எழுதுகிறவர்களோடுதான் என் பகல் பொழுதெல்லாம் போகிறது. சும்மா யாரும் யாரையும் சேர்க்க மாட்டார்கள், அம்மா. நீ வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள்.

இன்னொன்று. எனக்குக் கள விசாரணைப் பிரிவின் தலைமைப் பொறுப்பைத் தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். வாண்டுவின் அப்பா கப்பலோடு கிளம்பினால் அடுத்த கோடைக்குத்தான் முகம் பார்க்கலாம், உனக்குத் தெரியும். நீ வீட்டோடு வந்துவிட்டால்தான் நான் மேனேஜரிடம் சரி சொல்ல முடியும். நவம்பருக்குள் சொல்ல வேண்டும். வருவாயா, மாட்டாயா?

உன் மகள்


செப்டம்பர் 22

என் அருமை சி.ஐ.டி.க்கு,

போட்டோவில் இருப்பது நான்தான். ஜாடை இல்லை. அந்தக் கையை நான் யாரையும் மிரட்ட நீட்டவில்லை, மைக் ஒயர் காலில் சிக்கியது, தள்ளி வையுங்கள் என்றேன்.

சங்கம் என்றதும் நீ பயந்துவிட்டாய். இங்கே முதல் வாரத்தில் மைதானம் முழுக்க மேசை போட்டு, சந்தையில் காய்கறி விற்கிற மாதிரி ஒவ்வொரு சங்கமும் கூவிக் கூவி ஆள் பிடிக்கும். சதுரங்கச் சங்கம், வானத்தைப் பார்க்கிற சங்கம், செடி வளர்க்கிற சங்கம். பெயர் எழுதினால் ஒரு பேனா இலவசம் என்றார்கள். நான் பேனாவுக்காகத்தான் போனேன், மறைப்பானேன். சினிமாச் சங்கத்தில் சேர்ந்தேன். முதல் படத்திலேயே தூங்கி, குறட்டை விட்டேனாம். முன்வரிசைப் பிள்ளைகள் படத்தில் வருகிற சத்தம் என்று நினைத்து ரசித்தார்களாம். மலையேறும் சங்கத்துப் பிள்ளைகள் என்னைப் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டு, இறங்கும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தார்கள், குடையை எடுத்து வருகிற மாதிரி.

கடைசியில் நிலைத்தது விவாதச் சங்கம்தான். செயலாளர் ரொம்பப் பொறுமைசாலி. எனக்கு ஆதரித்துப் பேசுவதா எதிர்த்துப் பேசுவதா என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள், என் இஷ்டம் கிடையாது. அதைவிட விசித்திரமான வழக்கம் ஒன்று உண்டு. எழுந்ததும் நம் கட்சியைப் பேசக் கூடாது. எதிரணி என்ன நினைக்கிறதோ அதை, நாமே அந்தக் கட்சிக்காரர் ஆகிவிட்ட மாதிரி, "நான், எனக்கு" என்று போட்டுப் பேச வேண்டும். எதிரணி தலையாட்டி, "ஆமாம், இதைத்தான் நாங்களும் சொல்ல வந்தோம்" என்றால்தான் நம் பேச்சுக்கு முறை வரும். ஆட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பாதிப் பேர் அதிலேயே வழுக்கி விழுகிறார்கள். எனக்கு மட்டும் அது சுலபமாக வருகிறது என்று செயலாளர் சொன்னார். "எப்படிங்க உங்களுக்கு வருது?" என்று கேட்டார். முப்பது வருஷம் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே குடும்பம் நடத்தினவளுக்கு வராமல் இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்தால் செயலாளரே விடுதி வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார். என் அறைத் தோழி, கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், எனக்கு முன்பே அந்தச் சங்கத்தில் இருந்தவள். நான் பேசினால் முதல் கைதட்டல் அவளுடையதுதான். வகுப்பில் என்னைப் பெயர் தெரியாமல் பார்த்தவர்கள் எல்லாம் இப்போது பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். பாடத்தில் சந்தேகம் என்றால் கேட்க ஆள் இருக்கிறது. இதெல்லாம் சங்கத்தால் வந்தது.

வாண்டுவுக்கு இருமல் வந்தால் வெந்நீர் கொடு, மருந்துக் கடைக்கு ஓடாதே. பொறுப்பு கிடைக்கப் போவது கேட்டு ரொம்ப சந்தோஷம்.

அம்மா


அக்டோபர் 2

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன், வீட்டில் வைத்தும் படித்தேன். என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததை எல்லாம் விவரமாகச் சொல்கிற ஆளை விடக் கூடாது. வருவாயா, மாட்டாயா என்று கேட்டேன். குறட்டை, பாறை, குடை, வெந்நீர் எல்லாம் வந்தன. பதிலைக் காணோம்.

கேட்காமலே வந்தவர் இன்னொருத்தர். செயலாளர். செயலாளர் பொறுமைசாலி. செயலாளர் கேட்டார், செயலாளர் சொன்னார், செயலாளர் வாசல் வரை வந்தார். யார் இந்தச் செயலாளர்? என்ன வயது? மனைவி இருக்கிறாளா? எதற்கு உன்னை வாசல் வரை கொண்டுவந்து விட வேண்டும், உனக்கு வழி தெரியாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்க்காதே. உன் கடிதத்தில் அவர் வருகிற வரிகளுக்கு அடியில் எல்லாம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கே மூக்கில் வியர்த்துவிட்டது. "உங்கம்மா ஏன் லீவுக்குக்கூட வரலை?" என்று வாசலிலேயே வைத்துக் கேட்டாள். பரீட்சை என்றேன். உனக்காகப் பொய் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பார்.

நீ ஆண் துணை தேடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்தால் அதையும் நேராகச் சொல், திட்டிவிட்டுப் பழகிக்கொள்வேன். என்னை முட்டாளாக்காதே, அவ்வளவுதான்.

மறுபடியும் கேட்கிறேன். நவம்பருக்குள் வீட்டோடு வருவாயா?

உன் மகள்


அக்டோபர் 11

மகளுக்கு,

செயலாளருக்கு என்ன வயது என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவளைப் பார்த்து இப்படிக் கேட்டதற்கு அதுதான் உனக்குத் தண்டனை. மடியில் கனமில்லை, எனக்கு வழியில் பயமுமில்லை. கோடு போட்ட இடத்தையே மறுபடி படித்துக்கொண்டிரு.

ஆனால் மற்றக் கேள்வி நியாயமானது. அதை நான் தட்டிக் கழித்தேன் என்பதும் உண்மை. இரண்டு நாளாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது முறைப்படி எழுதுகிறேன்.

நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். என் மகள் காலையில் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, அவன் ஒரு செருப்பை எங்கோ போட்டுவிட்டு அழுவதைச் சமாளித்து, காப்பகத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீஸ் போகிறாள். மாலையில் காப்பகம் மூடுகிற நேரத்துக்குள் ஓட வேண்டும் என்று அரைகுறையாக வேலையை விட்டுவிட்டு வருகிறாள். அவள் கெட்டிக்காரி என்று அவள் மேனேஜருக்கே தெரிந்துவிட்டது. பெற்ற எனக்குத் தெரிய வேண்டாமா? ஐந்து வருஷம் அவள் காத்திருந்த நாற்காலி அது. மாப்பிள்ளை கடலில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேரனுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்க ஒரு ஆள் வேண்டும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கையும் காலும் திடமாக, ஆறு மணி நேர பஸ் தூரத்தில், ராஜாக்களின் சண்டை வருஷங்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது. இந்தப் பட்டத்தை வாங்கி எனக்கு யார் வேலை தரப் போகிறார்கள்? என் ஆசையை எப்போது வேண்டுமானாலும் தூக்கி ஓரமாக வைக்கலாம். பேரன் நாலு வயதில் ஒரு தடவைதான் இருப்பான். ஒரு வருஷம் பார்க்கலாம் என்பதுதான் பேச்சு, அந்தப் பேச்சில் நான் நிற்க வேண்டும்.

இதெல்லாம் சரிதானா? ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா? சரி என்றால் ஒரு வரி எழுது.

அம்மா


அக்டோபர் 17

என் செல்ல அம்மாவுக்கு,

சரி! எல்லாமே சரி. இதை என்னாலேயே இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது. செருப்பு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? இன்று காலையும் அதேதான், ஒற்றைச் செருப்பு அலமாரிக்கு அடியில். பஸ்ஸில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

உன்னைச் சந்தேகப்பட்டதற்குத் திட்டு, வந்து நேரில் திட்டு.

மேனேஜரிடம் அன்றைக்கே சரி சொல்லிவிட்டேன். எழுந்து கை கொடுத்தார். காப்பகத்து இடத்தையும் இந்த மாதத்தோடு விட்டுவிட்டேன். அங்கே காத்திருக்கிறவர்கள் நிறைய, நான் சொன்ன அன்றே வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் அறையில் போட்டு வைத்திருந்த சாமானை எல்லாம் வெளியே எடுத்து, ஜன்னல் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டேன். வாண்டு தண்ணீர் கேன் போடுகிறவரிடம் வரை சொல்லிவிட்டான், "எங்க பாட்டி இனிமே எங்கயும் போக மாட்டாங்க" என்று. அத்தையிடம் நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் குரலே இறங்கிப் போயிற்று.

எந்த பஸ், எந்த நாள் என்று எழுது. பெட்டி தூக்க நான் வருகிறேன்.

உன் மகள்


அக்டோபர் 22

கண்ணே,

தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது. என்ன காரியம் செய்துவிட்டாய்? இல்லை, என்ன காரியம் செய்துவிட்டேன்?

அந்தக் கடிதம் முதல் பாதி. நான் உன்னிடம் எழுதியிருந்தேனே, எங்கள் சங்க வழக்கம், எதிரணியின் நியாயத்தை முதலில் நாம் சொல்ல வேண்டும், அவர்கள் ஆமாம் என்றால்தான் நம் நியாயத்தைச் சொல்லலாம் என்று. போனில் பேசும்போது நீ என்ன சொல்கிறாய் என்று நான் முழுசாகக் கேட்டதில்லை, அழுதுவிடுகிறேன். அதனால் இந்தத் தடவை முதலில் உன் பக்கத்தை எழுதிப் பார்க்கலாம், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்கலாம், பிறகு என் பக்கத்தை எழுதலாம் என்று நினைத்தேன். "முறைப்படி" என்று போட்டேனே. நீ ஒரு வரி எழுதுவாய் என்றுதான் பார்த்தேன். மேனேஜரிடம் ஓடுவாய் என்று நினைக்கவில்லை.

இங்கே நாலு மாதமாக இதே பழக்கத்தில் இருந்து, உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்கே தோன்றிவிட்டது. காப்பகத்துக்காரர்களிடம் போய்க் கேட்டுப் பார். நான் வேண்டுமானால் எழுதித் தருகிறேன், தப்பு என்மேல் என்று.

அம்மா


அக்டோபர் 26

அம்மாவுக்கு,

அந்த வழக்கம் எழுதிய பக்கத்தை நான் சரியாகப் படிக்கவே இல்லை. செயலாளர் எங்கே எங்கே வருகிறார் என்று தேடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நன்றாகப் படித்துவிட்டேன். உன் சங்கத்தில் எதிரில் உட்காருகிற ஊர் பேர் தெரியாத பிள்ளைக்கு எதிரணி என்று பெயர். அந்தப் பெயரை எனக்கும் வைத்திருக்கிறாய். பெற்ற மகள் உனக்கு எதிரணியா? என் வாயைப் பிடுங்கி ஒரு "ஆமாம்" வாங்கிக்கொண்டு, அப்புறம் அடிக்கலாம் என்று காத்திருந்தாயா? பேசத் தெரியாத அம்மாவோடு நான் நிம்மதியாக இருந்தேன். அவள் சொன்னால் சொன்னதுதான், அதற்கு ரெண்டாம் பாதி கிடையாது.

இனி நீ எழுதுகிற எதை நம்புவது?


நவம்பர் 1

மகளுக்கு,

வருகிறேன்.

பருவத் தேர்வு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. விடுதி ஆபீஸில் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். துறைத் தலைவரிடமும் சொல்லிவிட்டேன், "சரிம்மா, உடம்பைப் பாத்துக்கங்க" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகங்களை நூலகத்தில் திருப்பிவிட்டேன். அதுவரை வாண்டுவை அத்தையிடம் விடு, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்துக்கு இரண்டாம் பாதி கிடையாது. என் பக்கத்தை நான் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை. சந்தேகப்படாதே.

அம்மா


நவம்பர் 12

அம்மாவுக்கு,

சந்தேகப்பட்டேன்.

க்ளெய்ம் கேட்டு ஆறு மாதம் நம் உயிரை வாங்குகிற ஆள் திடீரென்று "எனக்கு வேண்டாம்" என்று விலகினால் எங்கள் ஆபீஸில் யாரும் சந்தோஷப்பட மாட்டோம். உடனே ஒருத்தர் பையைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்குக் கிளம்புவோம். போன சனிக்கிழமை நான் கிளம்பினேன். வாண்டுவை அத்தையிடம் விட்டுவிட்டு, விடிகிறபோது பஸ் ஏறினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் அது விசாரணை இல்லை.

விவாதச் சங்கம் எங்கே என்று கேட்டதற்கு ஒருத்தன் கையைக் காட்டினான். ஒரு வகுப்பறை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், முன்னால் இரண்டு மேசை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்த பிள்ளைகள் முப்பது பேர் இருப்பார்கள். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்வரிசையில் நீ. நீ திரும்பவே இல்லை.

செயலாளரைப் பார்த்தேன். மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. பேச்சு திக்குகிறது. என் தண்டனையை முழுசாக அனுபவித்தேன், போதும்.

சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்பது தலைப்பு. குலுக்கியதில் எதிர்த்துப் பேசுவது உனக்கு விழுந்தது. நான் சிரித்தே விட்டேன். முப்பது வருஷம் எல்லார் தட்டையும் கழுவினவளுக்கு வந்து விழுந்த சீட்டைப் பார். வழக்கப்படி நீ முதலில் அவர்கள் பக்கத்தைச் சொன்னாய். அவர்கள் தலையாட்டவில்லை. மறுபடி சொன்னாய். "என் எச்சில் தட்டை இன்னொருத்தர் கையில குடுக்கும்போது நான் அவங்க முகத்தைப் பாக்கறதில்ல. பாக்காமலே இருந்து இருந்து, அவங்களுக்கு முகம் இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு. அதனால நானே கழுவணும்" என்றாய். மொத்த வகுப்பும் தலையாட்டியது. நானும் ஆட்டிவிட்டேன், ஆட்டிய பிறகுதான் தெரிந்தது.

பிறகு உன் கட்சி. "அவரவர் தட்டை அவரவர் கழுவினா, யாரும் யாருக்காகவும் கழுவ மாட்டீங்க. நான் எல்லாருக்கும் கழுவியிருக்கேன், அதுல எனக்கு வருத்தமே இல்ல. என் தட்டை யாராவது ஒருநாள் கழுவணும், அவ்வளவுதான் என் ஆசை" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஒருநாள்கூடவா கழுவவில்லை? பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஒருநாளும் ஞாபகம் வரவில்லை.

ஓட்டெடுப்பில் நீ தோற்றாய். தோற்றதற்கா ஒருத்தி அப்படிச் சிரிப்பாள்? வீட்டில் சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாய். அங்கே உன் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது.

என் பக்கத்தில் உன் கண்ணாடிப் பெண் உட்கார்ந்திருந்தாள். வேறு துறையிலிருந்து வந்திருக்கிறேன் என்று பொய் சொல்லி, யார் இந்த அம்மா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க ரூம் ஆன்ட்டி. முதல் மாசமே ஓடியிருப்பாங்க. கிளாஸ்ல யாரோட அம்மாவோன்னு நெனச்சு சார் வெளிய நிக்கச் சொல்லிட்டாராம். யாருமே பேசல. பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து எங்க சங்கத்துக்கு ஒரு ஆள் குறைஞ்சுது, இவங்க வரலன்னா கூட்டமே நடக்காது. தேடிக்கிட்டுப் போய் இழுத்துட்டு வந்தோம். பாவம்னு ஒண்ணும் கூட்டிட்டு வரலங்க, ஆள் வேணும்னு கூட்டிட்டு வந்தோம்."

இப்போது ஊருக்குப் போகிறாராமே என்றேன். "ஆமாங்க. பொண்ணு கூப்பிடுதாம். சண்டை போடுங்க ஆன்ட்டின்னா, அவ பக்கம் நியாயம் இருக்குன்னு மட்டும் சொல்றாங்க" என்றாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டிருந்தால் நீ அங்கேயே பெட்டியைக் கட்டியிருப்பாய்.

உன் பக்கத்தை நீ எழுத மாட்டாய், அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது, பேச்சு இல்லை. அங்கே என்னை எல்லாருக்கும் பிடிக்கும், என் உதவி எல்லாருக்கும் வேண்டும், நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் கூட்டம் நடக்காது என்று சொல்லி, இருபது வயதுப் பிள்ளைகள் என்னைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி யாரும் ஓடி வந்ததில்லை. பட்டம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், இங்கே எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

சரியாகச் சொன்னேனா? அப்படியென்றால் நீ வராதே. அறையைக் காலி செய்வதாகச் சொன்னதை நாளைக்கே போய் வாபஸ் வாங்கு. மேனேஜரிடம் பொறுப்பு இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் போட்டுவிட்டார். பரவாயில்லை என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. வாண்டுவுக்கு வேறு காப்பகம் கிடைத்தது, இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஒன்றே ஒன்று. என் பக்கம் என்று நீ எழுதியதற்கு அவசரத்தில் எல்லாம் சரி என்றேனே, அதில் ஒன்று தப்பு. வாண்டுவுக்காக நான் உன்னைக் கூப்பிட்டதாக எழுதியிருந்தாய். அவனுக்கு என்ன, புதுக் காப்பகத்தில் ஒரு வண்டிப் பொம்மை இருக்கிறதாம், அங்கிருந்து வரவே மாட்டேன் என்கிறான். வேலைக்காகவும் இல்லை. அப்பா போனதிலிருந்து நான் இன்னும் அழவில்லை அம்மா. நீ அழுதுகொண்டிருந்தாய், யாராவது ஒருத்தர் அழாமல் சாவுக்கு வந்தவர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் அந்த வீட்டில் நான்தான் பெரியவள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கூப்பிட்டது எனக்காக.

இதைச் சொன்னதற்காக வந்துவிடாதே.

உன் மகள்


நவம்பர் 17

கண்ணே,

அறையைக் காலி செய்வதாகச் சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன். படிப்பை விடவில்லை. என் பக்கத்தை நீ எழுதியதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். அன்றைக்கு நீ லீவு போடு. வாண்டுவை எப்போதும் போலக் காப்பகத்தில் விட்டுவிட்டு வா, அவனைச் சனிக்கிழமை கொஞ்சிக்கொள்கிறேன். அவனைப் பார்க்க நான் வரவில்லை. வெள்ளிக்கிழமை பூராவும் நீயும் நானும் மட்டும்தான். வாசல் மணி அடித்தால் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், அத்தை வந்தால் நான் பேசிக்கொள்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு அழு. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் பக்கத்தில் இருப்பேன், நான் அழ மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிடு. திங்கட்கிழமை எனக்கு வகுப்பு இருக்கிறது.

அம்மா